பழைய படம், பெரிய திரை: டிக்கெட் எடுக்கும் முன்னும் விளக்கு அணைந்த பின்னும்

ரீ-ரிலீஸ் என்ற ஒரே பெயரில் திரைக்கு வருபவை எல்லாம் ஒரே ரகம் அல்ல. மூல நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சட்டகமாக (ஃப்ரேம்) சுத்தம் செய்து கொண்டுவந்த பிரதியும் உண்டு. டிவிக்காக என்றோ எடுத்து வைத்த வீடியோவை ஊதிப் பெரிதாக்கியதும் உண்டு. போஸ்டர் இரண்டையும் ஒரே வாயால் 'புதுப்பொலிவுடன்' என்றுதான் சொல்லும். அதனால் நாற்காலி, ஸ்பீக்கர் பற்றியெல்லாம் யோசிக்கும் முன், ஓடப்போவது எந்தப் பிரதி என்று கேட்டுவிடுங்கள்.

முன்பதிவுப் பக்கத்தில் வெளியான ஆண்டு, இயக்குநர், மொழி மூன்றையும் முதலில் பாருங்கள். அதே தலைப்பில் மறுஆக்கம் வந்திருந்தால் டிரெய்லரும் படங்களும் மாறிக் கிடப்பது சகஜம். மூல மொழியா, டப்பிங்கா, சப்டைட்டில் உண்டா, கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்களா என்பதும் டிக்கெட் எடுத்த பிறகு தெரியவேண்டிய சங்கதி அல்ல. ஒரே படத்துக்குப் பல வடிவங்களும் இருக்கலாம். 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' 1992-ல் ஒரு வடிவமாகவும் 2007-ல் வேறொரு வடிவமாகவும் வந்தது; பின்னால் வந்த இரண்டிலும் முடிவே வேறு.

அடுத்து ஓடும் நேரம். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் நிறையக் காட்டிக்கொடுக்கும். ஃபிலிமில் எடுத்த பேசும் படம் நொடிக்கு 24 சட்டகம். பல நாடுகளின் பழைய டிவி முறையில் 25. அந்த டிவி பிரதியை அப்படியே திரைக்கு அனுப்பினால் படம் 4 சதவீதம் சுருங்கும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி வெட்டுப்பட்டிருக்காது. ஆனால் பாட்டெல்லாம் சுருதி சற்று மேலே ஏறி ஒலிக்கும், பாடகரின் குரல் இளைத்திருக்கும். நேரம் சரியாக 4 சதவீதம் குறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வேறு அளவில் குறைந்திருந்தால் வெட்டிய வடிவமாக இருக்கக்கூடும்.

'4கே' (குறுக்கே சுமார் 4,000 புள்ளிகள்; 2கே என்றால் அதில் பாதி) என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். கேட்கவேண்டியது, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதை. மூல கேமரா நெகட்டிவ் என்றால் உத்தமம். அதற்கடுத்த தலைமுறை அதிலிருந்து எடுத்த இடைநிலைப் பிரதியான இன்டர்பாசிட்டிவ், பிறகு அதிலிருந்து எடுத்த நகலான டூப் நெகட்டிவ், கடைசியில் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூர்மை குறையும், கறுப்பும் வெள்ளையும் முரட்டுத்தனமாகப் பிரியும். தேய்ந்த பிரிண்டை 4கே-யில் ஸ்கேன் செய்தால் கீறல்தான் 4கே-யில் தெரியும். அரங்கின் புரொஜெக்டர் 2கே என்றால் 4கே கோப்பும் அங்கே 2கே-யாகத்தான் விழும். நல்ல ஸ்கேனுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. பின்வரிசைகளில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது.

சீராக்கிய படத்தில் சில ஷாட்டுகள் மட்டும் மங்கலாக இருந்தால் உடனே குறை சொல்லிவிடாதீர்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' நெகட்டிவ் 1993-ல் லண்டன் ஆய்வகத் தீவிபத்தில் சிக்கியது. மிஞ்சியதைப் பதப்படுத்தி ஸ்கேன் செய்து, மீட்க முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளை வைத்து நிரப்பியதுதான் 2015-ல் வந்த வடிவம். 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தில் தொலைந்துபோன ஏறத்தாழ 25 நிமிடங்கள் 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஒரு 16 எம்.எம். பிரதியில் கிடைத்தன. அந்தப் பகுதிகள் வரும்போது திரையில் கோடுகோடாய் மழை பெய்யும், ஓரத்தில் கறுப்புப் பட்டையும் தெரியும். அதைக் குறையென்று எண்ணாமல் ஆவணமாகப் பார்க்க வேண்டும்.

உண்மையான குறை இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: வழவழவென்று இருப்பது. ஃபிலிமின் இயல்பான மணல்துகளை (கிரெய்ன்) மென்பொருளால் துடைத்துவிட்டால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். க்ளோஸப்பில் கன்னத்தையும் புருவத்தையும் பாருங்கள். புருவ மயிர் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே தீற்றலாக இருந்தாலோ, ஆடும் கைக்குப் பின்னால் நிழல்வால் நீண்டாலோ, அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள். அரங்கில் இதற்கு மருந்தில்லை, ஆகவே முன்கூட்டியே டிரெய்லரில் ஒரு க்ளோஸப்பை நிறுத்திப் பார்ப்பது நல்லது.

<b>சட்டகத்தின் வடிவம்</b>

பழைய படம் திரையில் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். 1950-களின் தொடக்கம் வரை வந்த பேசும் படங்களின் அகலம் பெரும்பாலும் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. பிறகு 1.66, 1.85 வந்தன. சினிமாஸ்கோப் 2.35, பின்னாளில் 2.39. 70 எம்.எம். 2.20. இன்றைய டிஜிட்டல் கோப்புக்கு இரண்டே பெட்டிகள், 2கே கணக்கில்: 1998×1080 புள்ளிகள் கொண்ட 'ஃப்ளாட்', 2048×858 கொண்ட 'ஸ்கோப்'. 1.37 படம் ஃப்ளாட் பெட்டிக்குள் நடுவில், இருபுறமும் கறுப்பு விட்டு உட்காரவேண்டும். அந்தக் கறுப்பு 'வெற்றிடமாக' இருக்கிறதே என்று மேலும் கீழும் வெட்டி அகலப்படுத்துவது பழைய நோய். 1939-ல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தையே 1967-ல் 70 எம்.எம். ஆக்கும்போது தலையையும் காலையும் வெட்டித்தான் வெளியிட்டார்கள். 'அகலத்திரையில் முதன்முறையாக' என்று ஒரு 1940-களின் படத்துக்கு விளம்பரம் வந்தால் அதை எச்சரிக்கைப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு சரியாக இருந்தும் அரங்கில் கெடலாம். முந்தைய காட்சிக்குப் போட்ட ஸ்கோப் ஜூமை மாற்றாமல் ஃப்ளாட் கோப்பை ஓட்டினால் படம் திரைக்கு மேலும் கீழும் வழிந்துபோகும். நெற்றி வெட்டுப்படும், டைட்டில் எழுத்தின் மேல்வரி காணாமல் போகும். டைட்டில் ஓடும்போதே இதைப் பிடித்துவிடலாம்: எழுத்துக்கும் சட்டக விளிம்புக்கும் இடையே எல்லாப் பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கவேண்டும். படம் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க வட்டமான எதையாவது தேடுங்கள். கடிகாரமோ, வண்டிச் சக்கரமோ, முழு நிலவோ முட்டையாகத் தெரிந்தால் சரியில்லை. ஃபிலிமில் ஓட்டும்போது சினிமாஸ்கோப்புக்கான லென்ஸ் போடாவிட்டால் ஆட்கள் ஒட்டடைக்குச்சியாக நீள்வார்கள். சாதாரணப் படத்துக்கு அதைப் போட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

<b>எங்கே உட்காருவது</b>

புதுப் படத்துக்கு உட்காரும் இடத்திலேயே பழைய படத்துக்கும் உட்காருவது பெரும்பாலும் தவறு. கணக்கைப் பாருங்கள். திரை 12 மீட்டர் அகலம், ஸ்கோப் வடிவம், அப்படியென்றால் உயரம் ஏறக்குறைய 5 மீட்டர். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஸ்கோப் படம் உங்கள் பார்வையில் 44 பாகையை நிரப்பும், சுகமான அளவு. அதே திரையில் 1.37 படம் 6.9 மீட்டர் அகலத்துக்குத்தான் விழும். அதே நாற்காலியில் 26 பாகைதான். கடைசி வரிசைக்கே 30 பாகையாவது வேண்டும் என்பது திரைத்துறையின் வழக்கமான அளவுகோல். 35 பாகை வேண்டுமானால் 11 மீட்டருக்கு வந்துவிட வேண்டும். வரிசைக்கு ஒரு மீட்டர் என்றால் நாலு வரிசை முன்னால். 1950-க்கு முந்தைய படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழக்கத்தைவிட மூன்று நாலு வரிசை முன்னே எடுங்கள். திரையே 1.85 வடிவில் இருந்தால் இரண்டு வரிசை போதும். அப்படிப்பட்ட திரையில் சுருங்குவது ஸ்கோப் படம்தான்.

சப்டைட்டில் படித்தாக வேண்டுமென்றால் ஒரு வரிசை பின்வாங்குங்கள். நடுவிலிருந்து ஓரமாகப் போவதைவிட ஒரு வரிசை முன்னோ பின்னோ போவது நல்லது. நடைபாதை ஓர இருக்கைக்கு மட்டும் ஒரு பயன் உண்டு: படம் தவறாக ஓடினால் பத்துப் பேரின் காலை மிதிக்காமல் எழுந்து போகலாம்.

<b>முதல் ஐந்து நிமிடம்</b>

ஒரே ஒரு காட்சி மட்டும் போடும் ஆவணக்காப்பகத் திரையிடல்கள் அறிவித்த நேரத்துக்கே தொடங்கும். விளம்பரம் ஓடும் என்று நம்பித் தாமதிக்காதீர்கள். முதலில் வரும் சீராக்க அட்டையைப் படியுங்கள். எந்த மூலம், எந்த ஆய்வகம், எந்த ஆண்டு என்று அதில் இருக்கும். பிறகு வெளிச்சம். டிஜிட்டல் திரைக்கு நிர்ணயித்த அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியின் அலகு). அளக்கக் கருவி தேவையில்லை: பகல் வெளிப்புறக் காட்சியில் வானமும் வெள்ளைச் சட்டையும் சாம்பலாகத் தெரிந்தால் விளக்கு தேய்ந்திருக்கிறது, அல்லது முந்தைய முப்பரிமாணப் படத்தின் வடிகட்டியைக் கழற்றவில்லை. திரும்பி ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பாருங்கள். சில வகைப் புரொஜெக்டர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை வந்தால், முப்பரிமாண லென்ஸ் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

ஒலியில் குழப்பம் அதிகம். மோனோ (ஒற்றைத் தட ஒலி) படம் என்றால் எல்லாச் சத்தமும் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வருவதுதான் முறை. பக்கச் சுவர்கள் மௌனமாக இருப்பது கோளாறல்ல. இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் கேட்டால்தான் கோளாறு. பழைய படத்தை '5.1' (சுற்றிலும் ஒலிக்கும் பலதட ஒலி) ஆக்கும்போது சிலர் காலடி, கதவு, துப்பாக்கி என்று புதிதாகப் பதிவு செய்து சேர்ப்பார்கள். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1996-ல் அப்படி வந்து பெரிய சர்ச்சையானது. மூல மோனோவும் ஓட்டுகிறார்கள் என்றால் அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்.

வசனம் கேட்கவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் படம் அல்ல. அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி கருவியில் ஒலி அளவின் நிர்ணயப் புள்ளி 7. விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கின்றன என்று புகார் வருவதால் பல அரங்குகளில் 4, 5-லேயே நிறுத்திவைப்பார்கள். ஏழிலிருந்து நாலுக்கு வந்தால் 10 டெசிபல் போய்விடும். இரைச்சலான புதுப் படம் அதைத் தாங்கும். 1960-களின் மென்மையான வசனம் தாங்காது.

உண்மையான ஃபிலிம் பிரிண்ட் ஓடுகிறது என்றால் சிலவற்றைப் பெருந்தன்மையோடு விட்டுவிடலாம். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிடம். அது முடிய எட்டு நொடி இருக்கும்போது வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னும், கடைசி நொடியில் இன்னொன்று. அடுத்த புரொஜெக்டருக்கு மாறும்படி ஆபரேட்டருக்கான சைகை அது. ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் கீறலும் சின்னத் தாவலும் இருக்கும். பழைய ஈஸ்ட்மேன் கலர் பிரிண்ட் இளஞ்சிவப்பாக வெளிறியிருந்தால் சாயம் செத்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் நழுவினாலோ, இரண்டு சட்டகங்களுக்கு நடுவிலுள்ள கோடு திரையில் தெரிந்தாலோ ஆபரேட்டர் ஒரு திருகில் சரிசெய்துவிடுவார், சொல்லத்தான் வேண்டும். பழைய நீளப் படங்களில் திரை இருட்டாகவே இருந்து இசை மட்டும் சில நிமிடம் ஒலிப்பதும் உண்டு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' அப்படித்தான் தொடங்குகிறது. படம் வரவில்லை என்று அப்போது கத்தினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

<b>புகார் செய்யும் முறை</b>

உட்கார்ந்த இடத்திலிருந்து விசிலடித்துப் பயனில்லை. இன்று பல அரங்குகளில் ஆபரேட்டர் அறையில் ஆளே இருப்பதில்லை. அட்டவணைப்படி கணினி ஓட்டுகிறது, ஒருவரே பல திரைகளைக் கவனிக்கிறார். எழுந்து போய் மேலாளரைப் பாருங்கள், அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள். 'படம் சரியில்லை' என்றால் வந்து எட்டிப் பார்த்து, பழைய படம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போய்விடுவார்கள். குறிப்பாகச் சொல்லுங்கள்: 'ஃப்ளாட் படத்தை ஸ்கோப் ஜூமில் ஓட்டுகிறீர்கள், மேலே தலை வெட்டுது', 'ஒலி அளவை ஒன்றிரண்டு புள்ளி ஏற்றுங்கள்', 'முப்பரிமாண வடிகட்டியை எடுக்கவில்லை'. இவை நிமிடங்களில் சரியாகும் விஷயங்கள். தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்பதும் நியாயம்தான்.

டிஜிட்டல் கோப்பைத் திறக்க, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும் மின்னணுச் சாவி வேண்டும். அது வந்து சேராவிட்டால் அல்லது நேரம் தவறாகப் பதிந்திருந்தால் படம் ஓடவே ஓடாது. ஒற்றைக் காட்சிகளில் இது நடக்கும். அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதிலுக்கு ப்ளூ-ரே போடுகிறோம் என்றால், எந்த வட்டு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல சீராக்கத்திலிருந்து வந்த வட்டு, டிவி வீடியோவை ஊதிப் பெருக்கிய கோப்பைவிட எவ்வளவோ மேல்.