எல்.பி.என். படிப்பு: பணம் கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் லைசன்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ் (எல்.பி.என்., அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ்) ஆக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாசம்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பள்ளிக்கு, லைசன்ஸ் கொடுக்கும் மாநில நர்சிங் போர்டின் அனுமதி உண்டா? இல்லாத இடத்தில் ஓராண்டு விழுந்து விழுந்து படித்தாலும், லைசன்ஸுக்கான என்கிளெக்ஸ்-பி.என். தேர்வை எழுத விட மாட்டார்கள். கட்டிய பணம் போனதுதான்.

“எங்களுக்கு அக்ரெடிட்டேஷன் (தர அங்கீகாரம்) இருக்கிறது” என்று பள்ளியில் சொல்லலாம். அது வேறு, போர்டு அனுமதி வேறு. அனுமதி பெற்ற பள்ளிகளின் பட்டியல் போர்டின் இணையதளத்தில் இருக்கும். பள்ளியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் கிளைதானா, பிராக்டிகல் நர்சிங் படிப்புக்கான அனுமதிதானா, முழு அனுமதியா, நிபந்தனையோடு கொடுத்ததா என்பதையும் பாருங்கள். மாணவர்களின் தேர்ச்சி விகிதத்தையும் பல போர்டுகள் வெளியிடுகின்றன. அதைப் பார்க்காமல் சேராதீர்கள்.

பாடத்தை ஆன்லைனில் நடத்தலாம், நோயாளிகளோடு பழகும் கிளினிக்கல் பயிற்சியை அப்படி நடத்த முடியாது. “எல்லாமே வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தென் ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் 25 பேர் மீது வழக்கு வந்தது. வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் தேர்விலும் பாஸாகியிருந்தார்கள்! அப்புறம் ஒவ்வொரு மாநிலமாக லைசன்ஸ்கள் ரத்தாயின. வயதான ஒருவருக்கு இன்சுலின் அளவைப் பார்த்து ஊசி போட வேண்டிய கை, ஒருநாள்கூட வார்டில் பழகாத கை என்றால் நினைக்கவே பதறுகிறது.

அடுத்தது பெயர். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், இன்னும் சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே காலி. அப்படிக் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராகி, முதல் பெயரின் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்துவிடும். ஆனால் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் பெயரில் அப்படியே ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள், தேர்வுக் கட்டணம் 200 டாலரும் திரும்பாது. பதிவு செய்யும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

பழைய வழக்கு ஏதாவது இருந்தால் லைசன்ஸ் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். கைரேகை எடுத்துப் பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். வழக்கு சின்னதாக இருந்தாலும் மறைத்தது பெரிதாகிவிடும். நீதிமன்றத் தாள்களோடு நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ஊரில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்கள், “எல்.பி.என்.னாவது கிடைக்குமா?” என்று தயங்கிக் கேட்பதுண்டு. பல மாநிலங்களில் அந்தப் படிப்பை வைத்து ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) தேர்வுக்கே விண்ணப்பிக்கலாம். போர்டிடம் கேட்காமல் நீங்களாக ஒரு படி இறங்காதீர்கள். மதிப்பெண் விவரங்களைக் கல்லூரிதான் நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஒரே லைசன்ஸை வைத்துப் பல மாநிலங்களில் வேலை செய்ய விடும் உடன்பாட்டில் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் இல்லை. அங்கே போனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் படிவங்களில் ‘எல்.வி.என்.’ (லைசன்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதே வேலைதான்.