பருமனை அளந்து மூலக்கூறின் அமைப்பை அறிவது எப்படி?

ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பதை அதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். வாயுக்களின் பருமனை அளந்தால் போதும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இது.

படி 1: எல்லா வாயுக்களையும் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் அளக்க வேண்டும். இது தவறினால் அடுத்த படிகள் எதுவும் செல்லாது.

படி 2: அளவுகளை விகிதமாக்குங்கள். 50 மி.லி. ஹைட்ரஜனும் 50 மி.லி. குளோரினும் சேர்ந்து 100 மி.லி. ஹைட்ரஜன் குளோரைடு தருகின்றன. விகிதம் 1:1:2. இப்படிச் சிறிய முழு எண்களே வருவதை 1808இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் கண்டார். (இந்தக் கலவை வெளிச்சம் பட்டாலே வெடிக்கக்கூடியது. தாளில் மட்டும் செய்து பாருங்கள்.)

படி 3: பருமன் என்ற இடத்தில் மூலக்கூறு என்று எழுதுங்கள். சம பருமன்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற, இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவின் 1811ஆம் ஆண்டுக் கருதுகோள் இதற்கு இடம் தருகிறது.

படி 4: இப்போது பங்கிடுங்கள். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுகளுக்குச் சமமாகப் பிரிந்து போயிருக்கிறது. அணுவைப் பாதியாக்க முடியாது. ஆகவே அந்த மூலக்கூறில் குறைந்தது இரண்டு அணுக்கள் இருந்தாக வேண்டும்.

"குறைந்தது" என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வினை நிறுவுவது எண்ணிக்கை இரட்டைப்படை என்பதை மட்டுமே, நான்காகவும் இருக்கலாமே! ஆனால் ஒரு பருமன் ஹைட்ரஜன், தன்னைக் கொண்ட வாயுவாக இரண்டு பருமனுக்கு மேல் தரும் வினை எதுவும் அறியப்படவில்லை. அதனால்தான் இரண்டு என்று கொள்கிறோம்.

படி 5: அறியாத ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மம்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் 10 மி.லி.யை 70 மி.லி. ஆக்சிஜனுடன் எரித்துக் குளிரவைத்தால் 50 மி.லி. வாயு எஞ்சுகிறது. நீர் திரவமாகிவிடுவதால் அதன் பருமனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிய பிறகு மிஞ்சுவது 20 மி.லி. ஆக்சிஜன்.

உறிஞ்சப்பட்டது 30 மி.லி.; எனவே மூலக்கூறுக்கு மூன்று கார்பன். செலவான ஆக்சிஜன் 50 மி.லி., அதாவது ஐந்து மூலக்கூறுகள். அவற்றில் மூன்று கார்பனுக்குப் போய்விட்டன. மீதி இரண்டில் உள்ள நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்கு நீர் மூலக்கூறுகளாயின. அவற்றில் எட்டு ஹைட்ரஜன். மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன்: புரொப்பேன்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஹைட்ரோகார்பன் 10 மி.லி., ஆக்சிஜன் 50 மி.லி., குளிர்ந்த பின் 40 மி.லி., உறிஞ்சிய பின் 20 மி.லி. எத்திலீன் என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.