இத்தாலிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளின் காதல் கதையை எழுத விரும்புவோருக்கு

செவிலியர் படிப்பை முடித்து ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் நம் கொழிஞ்சாம்பாறையிலும் வண்டித்தாவளத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அங்கேயே ஒருவனை விரும்பி, இத்தாலியக் குடும்பமொன்றின் மருமகளாவதைத் தற்காலக் காதல் நாவலாக எழுத நினைக்கும் நம் பக்கத்து எழுத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்துப் பார்த்த கைப்பிரதிகளில் வெனிஸ் நகரத்துப் படகும் பீசா கோபுரமும் தவறாமல் இருந்தன. மாமியாரின் அடுப்படி மட்டும் எதிலும் இல்லை. வாழ்க்கைப்படுகிறவள் போய்ச் சேருவது ஒரு வீட்டுக்குத்தான் என்பதால், அந்த வீட்டை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இத்தாலி ஒரே நாடாக ஒன்றிணைந்தது 1861ஆம் ஆண்டில்தான். அதனால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பேச்சும் தனிச் சமையலும் இன்றும் உண்டு. நான் பரிந்துரைப்பது தெற்கே புலியா மாநிலத்தின் கடைக்கோடியில் உள்ள சாலெந்தோ பகுதி. அங்கே காலிமேரா, மார்த்தானோ, ஸ்தெர்னாத்தியா முதலிய சில ஊர்களில் கிரீக்கோ என்ற கிரேக்க மொழிவகை இன்னும் முதியவர்களின் நாவில் இருக்கிறது. இத்தாலி 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டத்தில் பாதுகாப்பளித்த மொழிச் சிறுபான்மையினருள் இவர்களும் அடங்குவர். பாட்டி கிரீக்கோவில் கேட்க, பேரன் அதைப் புரிந்துகொண்டு இத்தாலிய மொழியில் பதில் சொல்லும் வீட்டுக்குள் நம் பெண்ணை நுழையவிட்டுப் பாருங்கள். வீட்டில் தமிழும் தாலுகா அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய காதலுக்கு வேர் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நாயகியின் ஊரைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும்: பாலக்காடு நகரம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது உண்மை, சித்தூரோ அதற்கு முன்பே கொச்சி அரசைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது விளிப்பு. நாவலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. இத்தாலிய மொழியில் நெருங்கியவரை ‘து’ என்றும் மதிப்புக்குரியவரை ‘லேய்’ என்றும் அழைப்பார்கள். ‘லேய்’ என்பதற்கு ‘அவள்’ என்றும் பொருள் உண்டு. எதிரே நிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசுவது போன்ற மரியாதை அது. நாயகி மாமியாரை மாதக்கணக்கில் ‘லேய்’ என்றே அழைக்கட்டும். ஒருநாள் மாமியார், இனிமேல் ‘து’ போட்டே பேசு என்று அன்போடு சொல்லட்டும். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கே இயல்பான வழக்கம். அவர்கள் கணக்கில் அது வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதன் அடையாளம். நம் பெண்ணுக்கோ அத்தையை ‘நீ’ என்று சொல்ல நா எழாது, பெயர் சொல்லவோ இன்னும் கூச்சம். அவள் தயங்குவதை மாமியார் விலகலாகப் புரிந்துகொள்வார். வில்லத்தனம் எதுவும் இல்லாமலே இரண்டு நல்ல மனிதர்களுக்கிடையே வலி உண்டாகும் இடம் இது. ஓர் அத்தியாயத்தை முழுவதும் இதற்குக் கொடுக்கலாம். இறுதியில் அவள் ‘அத்தை’ என்றே கூப்பிடத் தொடங்கி, அச்சொல் தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் உரியது என்று தன் அரைகுறை இத்தாலியத்தில் விளக்கினால், அந்த விளக்கத்தையே காதல் காட்சிக்கு நிகராக வாசகர் நினைவில் வைத்திருப்பார்கள். உரையாடலில் ஒரு விதியை மீற வேண்டாம்: மாமியாரின் பேச்சைக் கொச்சைத் தமிழில் எழுதாதீர்கள். அந்த வீட்டில் மொழி போதாமல் தடுமாறுகிறவள் நாயகிதான். சிறு வாக்கியங்கள் அவளுக்கே உரியவை.

சாப்பாட்டு மேசையை எழுதும்போது வரிசையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தில் பாஸ்தா முதல் சுற்று மட்டுமே. அதையே முழு உணவென்று நினைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டவள், பின்னால் இறைச்சியும் காய்கறியும் பழமும் இனிப்பும் வரக் கண்டு திகைப்பாள். விருந்து முடிந்ததும் பால் கலந்த காப்பி கேட்டால் மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனெனில் அது அவர்களுக்குக் காலை நேரத்துப் பானம். சாலெந்தோவில் கொண்டைக்கடலையோடு சேர்க்கும் பாஸ்தாவில் ஒரு பங்கைத் தனியே எண்ணெயில் பொரித்துக் கலப்பார்கள். நம் அடுக்களையிலிருந்து போனவள் அந்த மொறுமொறுப்பில் தன் வீட்டு வாசனையைக் கண்டுகொள்வாள். அவள் சைவமாக இருந்தால், பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவரும் நாள் ஒன்று வர வேண்டும். கோடையில் குடும்பமே கூடித் தக்காளிச் சாற்றைக் காய்ச்சி ஆண்டு முழுமைக்கும் புட்டிகளில் அடைக்கும் வேலை, நம் ஊரில் வெயிலுக்கு வடகம் பிழிவதைப் போன்றது. காதலர்கள் தனிமையில் பேசும் முக்கியக் காட்சியை, மெழுகுவத்தி விருந்தில் வைப்பதைவிட, தக்காளிக் கறை படிந்த கைகளோடு அந்தக் கொல்லையில் வையுங்கள்.

கதையின் சிக்கலை அந்த மண்ணிலிருந்தே எடுங்கள். 2013ஆம் ஆண்டில் சாலெந்தோவின் ஒலிவ மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சியால் மரத்துக்கு மரம் பரவி, நீரோட்டத்தை அடைத்து, இலட்சக்கணக்கான மரங்களை அது காயவைத்துவிட்டது. பாட்டன் காலத்துத் தோப்பு பட்டுப்போன மாமனார், நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத கணவன், தென்னை வாடல் நோயைப் பார்த்து வளர்ந்த மருமகள் ஆகிய மூவரையும் ஒரு மாலையில் அந்தத் தோப்புக்கு அனுப்புங்கள். அவள் ஒன்றும் பேசாமல் மாமனாருடன் நடந்தாலே போதும்.

அலுவல் விவரங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நகராட்சியில் நடக்கும் திருமணத்துக்கு அவள் தரப்பில் தடையில்லாச் சான்று வேண்டும். சடங்கின்போது குடிமைச் சட்டத்தின் 143, 144, 147ஆம் பிரிவுகளைப் படித்துக் காட்டுவார்கள். மணமான பின்னும் பதிவேடுகளில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரே தொடரும். குடும்பப் பெயர் இல்லாத நம் பெண்ணுக்குத் தலைப்பெழுத்தாக இருந்த தந்தையின் பெயர் அந்த இடத்துக்கு வந்துவிடும். தபால்காரர் அவளை அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கும் முதல் நாளை விட்டுவிடாதீர்கள். அங்கேயே வாழ்ந்தால் மணமாகி 2 ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும். அம்மாவோடு தொலைபேசியில் பேசும் நேரத்தையும் சரிபாருங்கள்: நமக்கு இரவு 9 மணி என்றால், அங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30.

நாவலின் பிற்பகுதியில் மாமியாரைச் சித்தூருக்கு அழைத்து வாருங்கள். விடுமுறையென்று ஆகஸ்டில் வந்தால் நுங்கு கிடைக்காது; நுங்கு வேண்டுமானால் சித்திரையில் வரச் செய்யுங்கள். இப்போது மொழி தெரியாமல் அடுக்களை வாசலில் நிற்கிறவர் அவர். நாயகியின் தாய் இலையைப் போட்டு, “உட்காருங்க சம்பந்தி” என்கிறார். மருமகள் மொழிபெயர்க்கத் தடுமாற வேண்டியதில்லை, ஏனெனில் இத்தாலியத்தில் இந்த உறவுக்கென்றே ‘கொன்சுவோச்செரா’ என்ற சொல் இருக்கிறது. அவள் அதைச் சொல்லட்டும், அவர் உட்காரட்டும்.