வாட்ஸ்அப்பில் தனியுரிமை: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

வாட்ஸ்அப்பில் ஒருவருடன் புதிதாக உரையாடத் தொடங்கும்போது, செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டவை என்றும் அந்த நிறுவனம்கூட அவற்றைப் படிக்க இயலாது என்றும் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. அது உண்மைதான். சிக்னல் செயலிக்காக உருவாக்கப்பட்ட மறையாக்க நெறிமுறையை வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் பயனர்கள் அனைவருக்கும் நடைமுறைப்படுத்தியது. அன்றுமுதல், அனுப்புபவர் கைபேசிக்கும் பெறுபவர் கைபேசிக்கும் இடைப்பட்ட வழியில் செய்தியைக் கைப்பற்றுகிறவருக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல் மட்டுமே கிடைக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு வழிக்கு மட்டுமே உரியது. கைபேசியின் திரையிலும், அதனுடன் இணைத்த கணினியிலும், கூகுள் கணக்கில் சேமித்த நகலிலும், பெறுபவரின் கையிலும் அதே செய்தி படிக்கத்தக்க நிலையில் இருக்கிறது. சாதாரணக் குடும்பங்களில் அந்தரங்கம் வெளியேறுவது இந்த முனைகள் வழியாகத்தான் என்பதால், செய்ய வேண்டியவற்றை அங்கிருந்து தொடங்குவதே சரியானது.

முதலில் பார்க்க வேண்டியது 'லிங்க்டு டிவைசஸ்' என்னும் பகுதி. ஆண்ட்ராய்டு கைபேசியில் வலது மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அது கிடைக்கும். ஐபோனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் இருக்கிறது. ஒரு கணக்குடன் கைபேசியைத் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். இணைத்தவை அனைத்தும் கடைசியாக எப்போது பயன்பட்டன என்பதுடன் அங்கே பட்டியலிடப்பட்டிருக்கும். அடையாளம் தெரியாத கருவி ஒன்று இருந்தாலும், முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் கணினி இன்னும் நீங்காமல் இருந்தாலும், அதன் பெயரைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுக்க வேண்டும். முதன்மைக் கைபேசி 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால்தான் இந்த இணைப்புகள் தாமாக அறுபடும். நாள்தோறும் வாட்ஸ்அப் பார்க்கிறவருக்கு அது நடக்கப்போவதில்லை.

இந்தப் பகுதியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் கைபேசியை ஒரு நிமிடம் கையில் வாங்கக்கூடிய எவரும், கணவரோ உறவினரோ விடுதி அறையில் உடன் தங்கியிருப்பவரோ, ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அதன்பின் வரும் செய்திகள் அனைத்தையும் தம் கணினியில் படித்துக்கொண்டே இருக்க முடியும். வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கப்படும் ஒரு பெண்ணுக்கு மறையாக்கத்தின் வலிமையால் எந்தப் பயனும் இல்லை. அவ்வாறு வேவு பார்ப்பவர் அச்சுறுத்தக்கூடியவர் என்றால், இணைப்பைத் திடீரென்று அறுப்பதே அவருக்கு ஒரு செய்தியாகப் போய்ச்சேரும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள், வேறொருவர் கைபேசியிலிருந்து 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்துப் பேசிவிட்டு, பிறகு அதைச் செய்வது பாதுகாப்பானது.

ஜெராக்ஸ் கடைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை அச்செடுக்கப் போகிறவர்கள், ஒன்று, கடையின் கணினியில் தம் வாட்ஸ்அப்பைத் திறக்கிறார்கள். அல்லது சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் கோப்பை அனுப்புகிறார்கள். முதல் வழியில் சென்றால், கடையை விட்டு இறங்கும் முன் கைபேசியிலிருந்தே 'லாக் அவுட்' கொடுப்பதோடு, கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் இறங்கியிருக்கும் நகலையும் அழிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் வழியில் சென்றால், அனுப்பிய செய்தியைத் தொட்டு 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்கலாம். அதற்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் உண்டு. ஆனால் கடைக்காரர் ஏற்கெனவே தனியாகச் சேமித்த கோப்பை அது அழிக்காது. ஆகவே, கண்ணெதிரே அழிக்கும்படி கேட்பதில் தயக்கமே வேண்டாம். நம்முடைய ஆவணத்தைப் பற்றிக் கேட்கிறோம், அவ்வளவுதான். முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களுக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு அதையே அச்செடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது 'பேக்கப்'. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும் ஐபோனில் ஐகிளவுடிலும் உரையாடல்களின் நகல் சேமிக்கப்படுகிறது. அந்த நகலுக்கு வாட்ஸ்அப்பின் முழு மறையாக்கத்தை விரிவுபடுத்தும் வசதி 2021 இறுதியிலேயே வந்துவிட்டது; ஆயினும் அது தானாக இயங்குவதில்லை, நாம்தான் இயக்க வேண்டும். 'செட்டிங்ஸ்', 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' என்று வரிசையாகச் சென்றால் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்ற தெரிவு இருக்கும். ஒரு கடவுச்சொல்லையோ 64 இலக்கக் குறியீட்டையோ கொண்டு அதைப் பூட்டலாம். அந்தக் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் நகலை மீட்டுத் தர இயலாது என்பதால், அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்துவிடுவது நல்லது. நாம் இதைச் செய்துவிட்டாலும், நம்முடன் உரையாடுகிறவர் செய்யாவிட்டால் அதே உரையாடல் அவருடைய நகலில் அந்தப் பாதுகாப்பின்றி இருக்கும். எனவே நெருங்கிய உறவினர்களின் கைபேசிகளிலும் இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

கணக்கையே பறிக்கும் மோசடி ஆறு இலக்க ஓடிபி எண்ணிலிருந்து தொடங்குகிறது. தெரிந்தவரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள், அவர் பெயரிலேயே, 'தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று கேட்பார்கள்; அனுப்பினால் நம் கணக்கும் அவர்களிடம் போய்விடும். 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்', 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற இடத்தில் நாமே ஆறு இலக்க பின் எண் ஒன்றை அமைத்துவிட்டால், ஓடிபி மட்டும் தெரிந்தவரால் உள்ளே நுழைய முடியாது. பிறந்த தேதியையும் வாகன எண்ணையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதே இடத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துவைத்தால், அந்த எண்ணை மறந்துவிட்டாலும் மாற்றிக்கொள்ளலாம்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கி அறிவிப்பு என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளைத் தொடவே கூடாது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். ஏபிகே என்பது கைபேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டுப் பெற்று, வங்கி அனுப்பும் ஓடிபி எண்களை வேறெங்கோ அனுப்பத் தொடங்கும். கூடுதல் வசதிகள் தருவதாகச் சொல்லிப் பிளேஸ்டோருக்கு வெளியே பரவும் மாற்று வாட்ஸ்அப் செயலிகளும் தவிர்க்கப்பட வேண்டியவையே: அவற்றை யார் எழுதினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்பதை நாம் அறிய வழியில்லை. அதிகாரபூர்வச் செயலியை உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்வதும் அவசியம். 2019ஆம் ஆண்டில் பெகசஸ் என்னும் உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்திச் சுமார் 1,400 கருவிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்காவிட்டாலும் மென்பொருள் உள்ளே நுழைய முடிந்தது. குறிவைக்கப்பட்டவர்களில் இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயல்பாட்டாளர்களும் இருந்தார்கள். அந்தக் குறையை அடைத்தது ஒரு புதுப்பிப்புதான்.

'பிரைவசி' பகுதியில் உள்ளவற்றை ஒரே முறையில் முடித்துவிடலாம். முகப்புப் படம், கடைசியாக வந்த நேரம், 'அபவுட்' வரி ஆகியவற்றை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்ற வேண்டும். குழந்தையின் படத்தை முகப்பில் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 'குரூப்ஸ்' என்ற தெரிவையும் அவ்வாறே மாற்றினால், அறியாதவர்கள் நம்மைத் தம் குழுக்களில் நேரடியாகச் சேர்க்க முடியாது. குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர், கோயில் திருவிழா எனக் குழு எதுவாயினும், அதில் சேர்ந்த கணமே நம் எண் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது; ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். குழுவை நடத்துகிறவர்கள் அழைப்பு இணைப்பைப் பொதுவெளியில் இடுவதைத் தவிர்த்து, புதியவர்களை ஒப்புதல் பெற்ற பின்னரே சேர்க்கும் தெரிவை இயக்க வேண்டும். பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி கைபேசியின் அறிவிப்பு அமைப்பை மாற்றுவதும், மிக அந்தரங்கமான உரையாடலுக்கு 'சாட் லாக்' போடுவதும் சிறு வேலைகள். புகைப்படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் தகவல் அதனுடன் சேர்ந்தே போகக்கூடும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களைச் சாதாரணப் படமாகவே அனுப்ப வேண்டும். தானாக மறையும் செய்திகளை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அமைக்கலாம். ஆனால் பெறுபவர் வேறொரு கைபேசியால் திரையைப் படமெடுப்பதை எந்த அமைப்பும் தடுக்காது.

இத்தனையும் செய்த பிறகும், நிறுவனத்துக்குத் தெரிவது ஒன்று எஞ்சுகிறது. செய்தியின் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், எந்த எண் எந்த எண்ணுடன் எப்போது தொடர்புகொண்டது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), எந்த வகைக் கைபேசியில் என்பன போன்ற விவரங்கள் வாட்ஸ்அப்புக்குத் தெரியவரும். ஒருவர் மனநல மருத்துவருடனும், அடுத்த நாள் குடும்பநல வழக்கறிஞருடனும் பேசினார் என்பதை அறிந்தவருக்கு, பேசிய சொற்கள் தேவையில்லை. 2014இல் ஃபேஸ்புக் (அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் மெட்டா) வாட்ஸ்அப்பை வாங்கியது. 2021இல் வந்த புதிய தனியுரிமைக் கொள்கை, ஏற்றுக்கொள் அல்லது விலகு என்ற முறையில் பயனர்கள்மீது திணிக்கப்பட்டதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டில், நிபந்தனையை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் பெறப்படும் ஒப்புதலை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். வங்கி, மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம் போன்ற வணிகக் கணக்குகளுக்கு அனுப்பும் செய்தியை அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்களும் அது அமர்த்திய பிற நிறுவனங்களும் கையாளக்கூடும். வாட்ஸ்அப்பிலுள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளரான மெட்டா ஏஐயிடம் கேட்கும் கேள்விகளுக்கும் தனிப்பட்ட உரையாடலுக்குரிய மறையாக்கம் கிடையாது. மருத்துவ அறிக்கையைப் பற்றிய விளக்கத்தை அங்கே கேட்காமல் இருப்பதே நல்லது.

இந்தத் தொடர்பு விவரங்களும் சேரக் கூடாது என்று எண்ணுகிறவர்களுக்குச் சிக்னல் பொருத்தமானது. 2021இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகப் பயனர் தகவல்கள் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த தேதியையும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது; வேறெதையும் அது சேமித்திருக்கவில்லை. 2024 முதல் கைபேசி எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரைக் கொண்டே அதில் உரையாடவும் இயலும். டெலிகிராமும் அதே அளவுக்குப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முழு மறையாக்கம் இல்லை. இருவருக்கிடையே தனியாகத் தொடங்கப்படும் 'சீக்ரெட் சாட்' ஒன்றுக்கு மட்டுமே உண்டு. குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் சிக்னலுக்கு மாற்ற முயல்வதைவிட, மருத்துவம், வழக்கு, பணம் தொடர்பாகப் பேசும் இரண்டு மூன்று பேருடன் தொடங்குவதுதான் நிலைக்கும்.

ஏற்கெனவே கணக்கு பறிபோயிருந்தால், அதே சிம் அட்டையுள்ள கைபேசியில் வாட்ஸ்அப்பை உடனே மீண்டும் நிறுவி, புதிதாக வரும் ஓடிபி எண்ணை உள்ளிட வேண்டும். அந்தக் கணத்திலேயே பறித்தவர் வெளியேற்றப்படுவார். அவர் பின் எண் ஒன்றை அமைத்திருந்தால், நாம் உள்ளே செல்ல ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாள்களில் அவராலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது. காத்திருக்கும்போது உறவினர்களையும் நண்பர்களையும் தொலைபேசியில் அழைத்து, நம் பெயரில் பணம் கேட்டு வந்த செய்திகளை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். யாரேனும் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் பரிவர்த்தனை விவரங்களைத் தர வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாற்றப்படுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.