செங்கோட்டைச் சாரலும் என் பிபிசி மைக்ரோவும்

1984-இல் கிளாஸ் (CLASS) என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோ. அதில் ஒன்று, ஃபிளாப்பி டிஸ்க் டிரைவோடு, செங்கோட்டைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. "ஓடுமான்னு தெரியாது அண்ணாச்சி, பாத்து எடுங்க" என்றார் கடைக்காரர்.

சுவிட்சைப் போட்ட பத்தாவது நிமிடம், நெடியோடு வெள்ளைப் புகை. பதற வேண்டாம். பவர் சப்ளையில் கரண்ட் நுழையும் இடத்தில் உள்ள இரண்டு காகிதக் கண்டென்சர்களின் மேலோடு வயதாக ஆகக் கீறல் விடும், ஈரம் இறங்கும். ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல் அடிக்கும் ஊரில் கேட்கவா வேண்டும்! 0.1, 0.01 மைக்ரோஃபாரட் இரண்டுக்கும் மெயின் கரண்டுக்கென்றே செய்த எக்ஸ்2 (X2) என்ற பாதுகாப்பு வகையே போடுங்கள். சாதாரணக் கண்டென்சர் கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கை வைத்தேன்.

அடுத்து டிரைவ். டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் நகரும் கம்பியில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புது கிரீஸ் துளி தடவினேன்.

கூட வந்த ஃபிளாப்பி டிஸ்க்குகள்தான் மனசைப் பிசைந்தன. ஹெட் படும் ஜன்னல் வழியே பார்த்தால் பழுப்புப் பரப்பில் சாம்பல் பூஞ்சைப் புள்ளிகள். அப்படியே செருகினால் டிஸ்க்கும் போகும், ஹெட்டும் அழுக்காகும். நடு ஓட்டையில் விரல்விட்டு மெல்லச் சுற்றி, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு டிஸ்க்குக்கு அரை மணி நேரம். காயவைத்துச் செருகி '*கேட்' (*CAT) என்று தட்டியதும் கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்தன. யாரோ பிள்ளைகள் எழுதிய பேசிக் (BASIC) மொழி நிரல்கள்! அன்றே, பென் டிரைவை ஃபிளாப்பி போலக் காட்டும் கோடெக் (Gotek) எமுலேட்டரை இரண்டாவது டிரைவாக மாட்டி, எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டேன்.