அமெரிக்க அரசு நிலத்தின் எண்ணெய்க் குத்தகை வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி

வயோமிங், நியூ மெக்சிகோ, யூட்டா போன்ற அமெரிக்க மேற்கு மாநிலங்களில் அரசு யாருக்கு, எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன ராயல்டிக்கு (எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் அரசுக்குச் சேரும் பங்கு) எண்ணெய்க் குத்தகை கொடுத்தது என்பதை வீட்டில் இருந்தபடியே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பலரும் இன்றைய குத்தகை வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிப் போகப் பார்க்கிறார்கள். பாதி வழியில் தடம் அறுந்துபோகும். நிலம் எப்போதாவது அரசின் கையை விட்டுப் போனதா, போயிருந்தால் கனிமத்தோடு போனதா, மேல்மண் மட்டும் போனதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். குத்தகையைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

நிலத்தின் விலாசம்

ஊர்ப் பெயரோ எண்ணெய் வயலின் பெயரோ போதாது. டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன், மெரிடியன் ஆகிய நான்கும் வேண்டும். மெரிடியன் என்பது சர்வேக்கு அடிப்படையான வடக்கு-தெற்குக் கோடு. அதிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனையாவது வரிசை என்பதை ரேஞ்ச் எண் சொல்லும், வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது என்பதை டவுன்ஷிப் எண் சொல்லும். ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல். அதற்குள் 36 செக்‌ஷன்கள். செக்‌ஷன் ஒன்று 640 ஏக்கர், அதன் கால் பங்கு 160, அந்தக் காலுக்குள் கால் 40. எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். 7 அதற்கு நேர் கீழே, அங்கிருந்து கிழக்கே 12 வரை. இப்படி மாறி மாறிப் போய்த் தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும்.

ஆவணத்தில் "வடகிழக்குக் கால், தென்மேற்குக் கால்" என்ற வரிசையில் எழுதியிருந்தால் பின்னாலிருந்து படிக்க வேண்டும். தென்மேற்குக் காலை எடுத்து, அதற்குள் இருக்கும் வடகிழக்குக் காலைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து படித்தால் அதே செக்‌ஷனில் அடுத்தவர் நிலத்தில் போய் நிற்பீர்கள். மெரிடியனை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பிழை. வயோமிங்கில் ஆறாம் முதன்மை மெரிடியன், விண்ட் ரிவர் மெரிடியன் என்று இரண்டு உண்டு. டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரங்களில் சர்வேயில் வந்த மிச்சத்தைத் தள்ளிவிட்டிருப்பார்கள். அங்கே கால் பங்குகளுக்குப் பதில் "லாட்" எண்கள் வரும், பரப்பும் சரியாக 40 ஏக்கராக இருக்காது. மூல சர்வே வரைபடத்தைப் பார்த்துத்தான் ஏக்கரை எழுத வேண்டும்.

பட்டாவின் கடைசி வரிகள்

நில மேலாண்மைப் பணியகத்தின் ஜி.எல்.ஓ. ரெக்கார்ட்ஸ் தளத்தில் விலாசத்தைக் கொடுத்தால், அரசு தனியாருக்குக் கொடுத்த பட்டாவின் படம் வரும். பட்டா பெற்றவரின் பெயரைவிட, அது எந்தச் சட்டப்படி கொடுக்கப்பட்டது என்பதும் கடைசியில் உள்ள ஒதுக்கீட்டு வரிகளும் (கனிமத்தை அரசு தனக்கென வைத்துக்கொள்ளும் வரிகள்) முக்கியம். 1862 குடியேற்றச் சட்டப்படி, ஒதுக்கீடு எதுவுமின்றிக் கொடுத்திருந்தால் கனிமமும் குடியேறியவருக்கே போய்விட்டது. அங்கே கூட்டரசுக் குத்தகையைத் தேடிப் பயனில்லை. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகத்தில் தனியார் குத்தகைகளைத்தான் பார்க்க வேண்டும். 1909, 1910 சட்டங்கள் நிலக்கரியை மட்டும் அரசுக்கு வைத்துக்கொண்டன. 1914 ஜூலை 17 சட்டம் எண்ணெய், எரிவாயு, பாஸ்பேட், பொட்டாஷ் போன்றவற்றை வைத்துக்கொண்டது. 1916 டிசம்பர் 29-இல் வந்த கால்நடைக் குடியேற்றச் சட்டம் 640 ஏக்கர் வரை மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தது, ஆனால் எல்லாக் கனிமத்தையும் அரசே வைத்துக்கொண்டது. இதில் சரளைக்கல்லும் அடங்கும் என்று 1983-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பட்டாவின் தேதியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 1920-களில் வந்த பட்டாவும் பழைய சட்டத்தின் கீழ் தொடங்கிய குடியேற்றமாக இருக்கலாம். மேலே பண்ணைக்காரர், கீழே கூட்டரசு என்று ஒரே நிலத்துக்கு இரண்டு உடைமை வருவது இந்தச் சட்டங்களால்தான். தன் மேய்ச்சல் நிலத்தில் துளையிடும் எந்திரம் வந்து நிற்பதைத் தடுக்க முடியாமல் பண்ணைக் குடும்பங்கள் இன்றும் படும் பாட்டுக்கு வேர் அந்த ஒற்றை வரி ஒதுக்கீடு. அதைப் படிக்காமல் எழுதும் குத்தகை வரலாறு அவர்களுக்கு நியாயம் செய்யாது.

வில்லங்கம் பார்ப்பது

கனிமம் அரசிடம் இருப்பது உறுதியானதும் இரண்டு தாள்களை எடுங்கள். ஒன்று மாஸ்டர் டைட்டில் பிளாட். இன்றைய நிலவரத்தைக் காட்டும் வரைபடம். மற்றது ஹிஸ்டாரிக்கல் இண்டெக்ஸ். நம் ஊர் வில்லங்கச் சான்று போல, அந்த டவுன்ஷிப்பில் நடந்ததையெல்லாம் தேதிவாரியாகச் சொல்லும் பட்டியல் அது. காலாவதியான, கைவிட்ட, ரத்தான குத்தகைகள் பிளாட்டில் இருக்காது, இண்டெக்ஸில்தான் இருக்கும். பல மாநிலங்களில் எண்ணெய், எரிவாயுவுக்குத் தனித் துணை பிளாட்டும் உண்டு. நிலத் துண்டுவாரியாகக் கையால் எழுதிய பழைய பதிவேடுகளான ட்ராக்ட் புத்தகங்களின் படங்கள், குடும்ப வரலாறு தேடும் ஃபேமிலிசெர்ச் தளத்தில் இருக்கின்றன. இண்டெக்ஸில் சந்தேகம் வந்தால் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் இருக்கும் சீரியல் எண்ணை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். 1908 ஜூலை 1 முதல் ஒவ்வொரு நில அலுவலகமும் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்தது. ஆகவே அலுவலகப் பெயர் இல்லாத பழைய எண்ணுக்கு மதிப்பில்லை. பழைய வரிசை எண்களின் முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிட்டால் வேறொரு கோப்பு கைக்கு வரும். எல்.ஆர். 2000 என்ற பழைய கணினிப் பதிவுக்குப் பதிலாக வந்த எம்.எல்.ஆர்.எஸ். எல்லாவற்றுக்கும் நீளமான புது எண் கொடுத்திருக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தேதியை வைத்துச் சட்டத்தைக் கண்டுபிடிப்பது

1920-க்கு முன் இந்த நிலங்களில் எண்ணெய்க்குப் பொதுவான குத்தகை முறை கிடையாது. 1872 சுரங்கச் சட்டமும் 1897 பிப்ரவரி 11-இன் எண்ணெய்ச் சட்டமும் உரிமைகோரல் முறையைத்தான், அதாவது இடத்தைக் குறித்துக்கொண்டு அது தனக்கென்று கோரும் முறையைத்தான், வைத்திருந்தன. ஒருவருக்கு 20 ஏக்கர், எட்டுப் பேர் சேர்ந்தால் 160 ஏக்கர். எண்ணெய் கிடைத்தால்தான் உரிமை முழுமையாகும். பல இடங்களில் எட்டுப் பெயர்களில் ஏழு வெறும் ஒப்புக்குப் போட்டவை. இந்தக் கோரிக்கைகள் கவுண்டியில்தான் பதிவாயின. 1976 வரை கூட்டரசிடம் பதிவு செய்யும் கட்டாயமே இல்லை. ஆகவே இண்டெக்ஸ் வெறுமையாக இருந்தால் யாரும் அங்கே துளையிடவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

1909 செப்டம்பர் 27-இல் ஜனாதிபதி டாஃப்ட், கலிஃபோர்னியாவிலும் வயோமிங்கிலும் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் எண்ணெய் நிலத்தில் புது உரிமைகோரலை நிறுத்திவைத்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு என்று 1915-இல் மிட்வெஸ்ட் ஆயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் துளையிட்டவர்களின் பிரச்சினையைத் தீர்க்கவே 1920 சட்டத்தில் 18, 19-ஆம் பிரிவுகள் வந்தன. ஆரம்பக் குத்தகை ஒன்றில் இந்த எண்களைக் கண்டால், அதன் பின்னால் பழைய உரிமைகோரல் ஒன்று இருக்கிறது என்று பொருள்.

1920 பிப்ரவரி 25-இன் கனிமக் குத்தகைச் சட்டத்தில் இரண்டு பாதைகள். எண்ணெய் உண்டென்று தெரியாத இடத்தில் 2,560 ஏக்கர் வரை இரண்டு ஆண்டுத் தேடல் அனுமதி. எண்ணெய் கிடைத்தால் அந்தப் பரப்பில் கால் பங்குக்கு 5 சதவீத ராயல்டியில் 20 ஆண்டுக் குத்தகை. மீதிக்கு முன்னுரிமை, ராயல்டி 12.5 சதவீதத்துக்குக் குறையாமல். எண்ணெய் உண்டென்று தெரிந்த நிலத்தடி அமைப்புக்குள் ஏலம்தான். ஒரே அனுமதியிலிருந்து இரண்டு ராயல்டி விகிதங்கள் கிளைப்பது இதனால்தான். அதை எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். 1929 மார்ச்சில் ஜனாதிபதி ஹூவர் தேடல் அனுமதிகளை நிறுத்தினார், அடுத்த சில ஆண்டுகளுக்குப் புது அனுமதிகளைக் காணாதது அதனால். 1935-இல் தேடல் அனுமதி முறையே போய், நேரடிக் குத்தகை வந்தது.

1920-களில் பெரும் ஊழல் வழக்கான டீப்பாட் டோம் எண்ணெய் வயல் பற்றித் தேடுகிறவர்கள் இங்கே அடிக்கடி தவறுகிறார்கள். வயோமிங்கில் டவுன்ஷிப் 38, 39 வடக்கு, ரேஞ்ச் 78 மேற்கில் இருக்கும் அந்த நிலம் 1915 ஏப்ரல் 30-இல் கடற்படைக்கு ஒதுக்கப்பட்டது. 1922 ஏப்ரல் 7-இல் உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் அதைப் போட்டியே இல்லாமல் எண்ணெய் முதலாளி ஹாரி சின்க்ளேரின் மாமத் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதற்குக் காட்டிய சட்டம் 1920 ஜூன் 4-இன் கடற்படை நிதிச் சட்டம், கனிமக் குத்தகைச் சட்டம் அல்ல. 1927-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குத்தகையை ரத்து செய்தது. பொதுச்சொத்து திரும்பி வந்த அந்த வழக்கை வேறொரு சட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

1960-களிலிருந்து 1980-கள் வரை, கைவிடப்பட்ட குத்தகைகளைக் குலுக்கலில் கொடுத்தார்கள். சிறு கட்டணம் கட்டி யாரும் விண்ணப்பிக்கலாம். எனவே முதல் குத்தகைதாரர் பெரும்பாலும் எண்ணெய்த் தொழிலோடு தொடர்பே இல்லாதவர். சில மாதங்களில் தனக்கென ஒரு சிறு ராயல்டியை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு மாற்றியிருப்பார். உண்மையில் துளையிட்டவரை அறிய உரிமை மாற்றப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். 1987 டிசம்பர் சட்டம் எல்லா நிலத்தையும் முதலில் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச ஏலக் கேள்வி ஏக்கருக்கு 2 டாலர், விலை போகாதது இரண்டு ஆண்டுகளுக்கு ஏலமின்றிக் கிடைக்கும். 2022 ஆகஸ்ட் சட்டம் ஏலமில்லாக் குத்தகையை ஒழித்து, குறைந்தபட்ச ஏலக் கேள்வியை 10 டாலராகவும் ராயல்டியை 16⅔ சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 ஜூலை 4 சட்டம் 12.5 சதவீதத்தையும் ஏலமில்லாக் குத்தகையையும் திரும்பக் கொண்டுவந்தது.

எண் மாறும் இடங்கள்

குத்தகை முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் பல சமயம் எண் மட்டுமே மாறியிருக்கும். குத்தகையின் ஒரு பகுதி நிலம் வேறொருவருக்கு மாற்றப்பட்டால் அந்தப் பகுதிக்குப் புது எண் வரும். பல குத்தகைகளைச் சேர்த்து ஒரே வயலாக நடத்தும் யூனிட் ஒப்பந்தத்தில் பாதி நிலம் மட்டும் சேர்ந்தாலும் குத்தகை இரண்டாகப் பிரியும். தாய்க் குத்தகை எண்ணைப் புதுக் கோப்பின் முதல் பக்கங்களில் தேடுங்கள்.

ஆரம்பக் காலம் 5 அல்லது 10 ஆண்டு என்றிருந்தாலும், லாபம் தரும் அளவுக்கு எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை குத்தகை உயிரோடு இருக்கும். யூனிட்டில் சேர்ந்த நிலத்தில் ஒரு கிணறுகூட இல்லாவிட்டாலும், வேறு மூலையில் வரும் உற்பத்தி அதைக் காப்பாற்றலாம். ராயல்டி பொதுவாகக் குத்தகை கொடுத்த நாளின் விகிதம்தான். வாடகை கட்டாமல் தானாக ரத்தாகிப் பிறகு இரண்டாம் வகுப்பு மீட்பில் உயிர்பெற்ற குத்தகைகளுக்கு விகிதம் உயர்ந்திருக்கும். வழக்கமான விகிதத்தைவிடக் கூடுதலாகக் கண்டால் மீட்பு ஆணையைத் தேடுங்கள்.

மூலக் கோப்பும் பணக் கணக்கும்

முடிந்துபோன பழைய குத்தகைகளின் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 49-ஆம் பதிவுத் தொகுதியில் கிடைக்கும். வயோமிங், கொலராடோ போன்றவற்றுக்கு டென்வர் கிளையைக் கேளுங்கள். கடிதத்தில் நில அலுவலகப் பெயர், பழைய சீரியல் எண், முழு விலாசம், தோராயமான ஆண்டுகள் நான்கையும் எழுதுங்கள். குத்தகைதாரர் பெயரை மட்டும் வைத்துக் கோப்பு எடுக்க முடியாது. நிபந்தனைத் தாள்களையும் உரிமை மாற்றங்களையும் சேர்த்துக் கேளுங்கள். மேல்மண்ணில் கால் வைக்கக் கூடாது போன்ற கட்டுப்பாடுகள் அந்த இணைப்புகளில்தான் இருக்கும்.

ராயல்டி வசூலை 1982 வரை புவியியல் ஆய்வு நிறுவனமும், பிறகு கனிம மேலாண்மைச் சேவையும், 2010 அக்டோபரிலிருந்து ஓ.என்.ஆர்.ஆர். எனப்படும் இயற்கை வள வருவாய் அலுவலகமும் பார்த்தன. மாநிலத்தின் பங்கு 1920 சட்டப்படி 37.5 சதவீதம், 1976-இல் அது 50 ஆனது. அலாஸ்காவுக்குத் தனிக் கணக்கு, 90 சதவீதம். நீண்ட காலக் குத்தகை ஒன்றின் வருமானத்தைக் கூட்டும்போது 1976-ஐ நடுவில் வைத்து இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.