கமோடோர் 64-இன் ஜாய்ஸ்டிக் போர்ட்டில் ஆர்டுயினோவை இணைப்பது எப்படி?

1982-இல் வந்த கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் சாதாரண ஜாய்ஸ்டிக்குக்குள் சிப் எதுவும் தேவையில்லை, ஐந்து சுவிட்சுகளே போதும். ஒரு பக்கம் தள்ளினால் அதற்குரிய கம்பி கிரவுண்டைத் தொடும். விட்டுவிட்டால், கணினிக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை அந்தக் கம்பியை மறுபடி 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். நாம் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ செய்ய வேண்டியதும் இதுதான்.

5 வோல்ட்டில் ஓடும் ஊனோ அல்லது நானோ வகை ஆர்டுயினோ, ஒன்பது துளை உள்ள டி-சப் கனெக்டர், ஆறு வயர் போதும். 3.3 வோல்ட் போர்டுகளை நேரடியாக இணைக்காதீர்கள்.

படி 1: வயரிங். கனெக்டரில் 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 6 ஃபயர். இவற்றை ஆர்டுயினோவின் 2 முதல் 6 வரையுள்ள பின்களுக்குக் கொடுங்கள். 8 கிரவுண்ட், இது கட்டாயம். 7-இல் 5 வோல்ட் வரும், அதைத் தொட வேண்டாம். ஆர்டுயினோவுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். சால்டர் செய்யும் பக்கத்திலிருந்து பார்த்தால் எண் வரிசை இடவலமாகப் புரண்டிருக்கும். எனவே கனெக்டரில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே வையுங்கள்.

படி 2: நிரல். முழு வேலையின் உயிர் இங்கேதான். அழுத்துவதற்கு, பின்னை அவுட்புட் ஆக்கி லோ (0 வோல்ட்) கொடுங்கள். விடுவதற்கு, அதை இன்புட் ஆக்குங்கள். ஹை (5 வோல்ட்) மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இதே கம்பிகளைக் கொண்டுதான் கணினி தன் கீபோர்டையும் படிக்கிறது. அது லோவுக்கு இழுக்கும் நேரத்தில் நீங்கள் ஹை கொடுத்தால் இரண்டும் மோதி, இந்தக் கம்பிகளைப் படிக்கும் 6526 சிப் போய்விடலாம். பழைய சிப், அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

படி 3: நிரலை ஏற்றிய பிறகே கனெக்டரைச் செருகுங்கள், அதுவும் இரண்டும் அணைந்திருக்கும்போது. பிறகு முதலில் ஆர்டுயினோவை, அப்புறம் கணினியை ஆன் செய்யுங்கள். போர்ட் 2-ஐப் பயன்படுத்துங்கள்; போர்ட் 1-இல் செருகினால் திரையில் தேவையில்லாத எழுத்துகள் வரும்.

படி 4: சோதனை. கணினியின் பேசிக் மொழியில் 56320 என்ற முகவரியைப் பீக் கட்டளையால் தொடர்ந்து படித்து அச்சிடுங்கள். சும்மா இருந்தால் 127, மேல் 126, கீழ் 125, இடது 123, வலது 119, ஃபயர் 111.

எண்கள் சரியாக வந்தும் விளையாட்டு சில அழுத்தங்களைத் தவறவிட்டால், ஒவ்வொன்றையும் 40 மில்லிவினாடியாவது பிடித்து வையுங்கள். பல விளையாட்டுகள் ஃபிரேமுக்கு (திரைப் படம் ஒருமுறை வரையப்படும் நேரம்) ஒருமுறைதான் போர்ட்டைப் பார்க்கும். பால் (PAL) என்ற டிவி முறைக்கான கணினியில் ஒரு ஃபிரேம் சுமார் 20 மில்லிவினாடி.